வீட்டுக் காப்பி வாசனை கம்பெனி ஆன கதை

பெண் பார்க்க வருகிறவர்கள், கேசரியில் சர்க்கரை கொஞ்சம் கூடிப் போயிருந்தாலும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிடுவார்கள். காப்பி மட்டும் தண்ணீராக இருந்துவிட்டால் போதும், அவர்கள் பஸ் ஏறுவதற்குள் அந்தப் பேச்சு தெரு முழுக்கப் பரவிவிடும்! எங்கள் அழகர்கோவில் பக்கத்தில் ஒரு வீட்டின் மரியாதை டம்ளரில்தான் இருக்கிறது. பாலைக் குறை சொல்வோம், பில்டரைக் குறை சொல்வோம், மாமியார் மருமகளைக் குறை சொல்வாள். ஆனால், அந்தத் தூளை எங்கோ ஓர் ஊரில் வறுத்து, அரைத்து, பொட்டலம் கட்டி அனுப்புகிற குடும்பத்தைப் பற்றி என்றைக்காவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா, சகோதரிகளே?

நான் நினைத்துப் பார்க்க வேண்டி வந்தது. காரணம், என் மருமகள்.

அவள் பிறந்தது வத்தலக்குண்டை அடுத்த பட்டிவீரன்பட்டிப் பக்கம். கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களில் விளையும் காப்பியெல்லாம் கீழே இறங்கி வந்து சேருகிற ஊர் அது. சென்னை பாண்டி பஜாருக்குப் பெயர் கொடுத்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் பிறந்ததும் அதே ஊர்தான். காப்பிக் கொட்டையைக் கையில் அள்ளி முகர்ந்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவாள் மருமகள். அப்படிப்பட்டவள் ஒருநாள், மாவு சலித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, கோவிலுக்கு வர்ற கூட்டத்துக்குக் காப்பி குடிக்கக் கடை இருக்கு. ஆனா நல்ல தூள் வாங்கணும்னா இருபது கிலோமீட்டர் மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கு. நாமளே கொட்டை வாங்கி, வறுத்து, அரைச்சுக் கொடுத்தா என்ன?"

"பணத்துக்கு?"

"என் ஆரத்தையும் நாலு வளையலையும் வச்சா வந்துரும்."

அவள் அம்மா வீட்டில் போட்டு அனுப்பிய நகை அது. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். என் மகனோ, "அம்மா என்ன சொல்றாங்களோ அதான்" என்று நழுவிவிட்டான். ஆக, பொறுப்பு என் தலையில் விழுந்தது. "ஏம்மா, இந்தத் தொழில்ல ஜெயிச்சவங்க எப்படி ஜெயிச்சாங்க, தடுமாறினவங்க எங்கே தடுமாறினாங்கன்னு முதல்ல பார்ப்போம். அப்புறம் நகைப் பெட்டியைத் திறக்கலாம்" என்றேன். அப்படிப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

சேலத்தில் ஓர் ஆரம்பம்

நம் பாட்டிகளின் பாட்டி காலத்தில் காலையில் காப்பி கிடையாது. பழையதும் நீராகாரமும்தான். காப்பி வீட்டுக்குள் நுழைந்தபோது எழுந்த கூக்குரலை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் சுவையாக எழுதியிருக்கிறார். பழையதின் இடத்தைக் காப்பி பிடித்துக்கொண்டதே என்று பெரியவர்கள் புலம்பாத நாளில்லையாம். இன்றைக்குப் பிள்ளைகள் கையில் இருக்கும் செல்போனை நாம் திட்டுகிறோமே, அந்த மாதிரி!

அந்தப் புலம்பல் ஓயாத காலத்தில், 1926-ல், சேலத்தில் வி.எல். நரசு என்பவர் காப்பித்தூள் வியாபாரம் தொடங்கினார். சேலத்தைத் தேர்ந்தது பொருத்தம்தான். தலைக்கு மேலேயே ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை அங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து சேர்வராயன் மலை காப்பி மலையாகிவிட்டது. கொட்டை மேலே, கடை கீழே.

கடையில் காசு சேர்ந்ததும் நரசுவின் பெயர் சினிமா பக்கமும் போனது. சென்னை கிண்டியில் நரசு ஸ்டுடியோ என்றே ஒன்று இருந்தது. அதைப் பற்றி இப்போது பழைய சினிமாக்காரர்கள்தான் பேசுவார்கள். காப்பியோ இன்றும் மளிகைக் கடையில் தொங்குகிறது. தொலைக்காட்சி வந்த பிறகு "பேஷ் பேஷ்" என்ற இரண்டே வார்த்தை அந்தத் தூளை எல்லார் வாயிலும் போட்டுவிட்டது. எங்கள் வீட்டில் ரசம் நன்றாக இருந்தால்கூட என் கணவர் பேஷ் பேஷ் என்றுதான் சொல்வார். விளம்பரத்துக்குக் காசு கொடுத்தது காப்பிக்காரர், பலனை அனுபவித்தது நான்!

விளம்பரம் என்றதும் இன்னொன்று. லியோ காப்பி விளம்பரத்துக்கு இசையமைத்த இளைஞர்தான் ஏ.ஆர். ரஹ்மான். அதற்குப் பரிசு கிடைத்த விழாவில் மணிரத்னத்தைச் சந்தித்தார். 1992-ல் 'ரோஜா' வந்தது. ஒரு காப்பித்தூள் கம்பெனி ஓர் இசையமைப்பாளரையே நமக்கு அறிமுகம் செய்து வைத்திருக்கிறது பாருங்கள்.

எல்லார் கொட்டையும் ஒரே குவியலில்

இனி சொல்லப்போவதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த சங்கதி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் நம் காப்பிக்கு ஐரோப்பாவில் இருந்த சந்தை அடைபட்டுவிட்டது. கொட்டை குடோனில் மலையாகக் குவிந்து கிடக்க, வாங்க ஆளில்லை. தோட்டக்காரர்கள் திண்டாடினார்கள். 1942-ல் அரசாங்கம் காப்பிச் சட்டம் கொண்டுவந்து, காப்பி போர்டின் கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்தது. அதன்படி தோட்டக்காரர் தன் கொட்டையைத் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. போர்டிடம் கொடுத்துவிட வேண்டும். எல்லாருடைய கொட்டையும் தரம் பிரித்து ஒரே குவியலாகும். தூள் வியாபாரிகள் ஏலத்தில் எடுப்பார்கள்.

பால் சொசைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டு மாட்டுப் பாலும் எதிர்வீட்டு மாட்டுப் பாலும் ஒரே கேனில் போய்ச் சேரும். அப்புறம் அந்தப் பாலை வாங்கி ஒருத்தி பால்கோவா கிண்டுகிறாள், இன்னொருத்தியும் கிண்டுகிறாள். ஒருத்தியுடையது மட்டும் மணக்கிறது என்றால் அது மாட்டின் பெருமையா, கையின் பெருமையா?

அப்படித்தான் ஐம்பது வருஷம் போல் ஓடியது. 1992-க்குப் பிறகு படிப்படியாகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, 1996-ல்தான் தோட்டக்காரர்கள் முழுச் சுதந்திரமாக விற்க வழி பிறந்தது. அந்த நீண்ட காலத்தில் நரசுவாகட்டும், தெருமுனையில் ஒற்றை மிஷின் போட்டு அரைத்துக் கொடுத்தவராகட்டும், எல்லாருக்கும் கிடைத்தது பொதுக் குவியலின் கொட்டைதான். எந்தத் தரத்தை எதனோடு கலப்பது, எவ்வளவு நேரம் வறுப்பது, எந்தப் பதத்தில் இறக்குவது, எவ்வளவு சிக்கரி சேர்ப்பது என்பதில்தான் ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் வித்தியாசம். "போன மாசம் வாங்கினது மாதிரியே இருக்கணும்" என்று ஒரு வீட்டுக்காரி கேட்கிறாளே, அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத் தெரிந்த குடும்பங்கள்தான் நின்றன. கொட்டை விலை ஏறும்போது சத்தமில்லாமல் சிக்கரியைக் கூட்டியவர்களை நம்மவர்கள் இரண்டாம் மாதமே கண்டுபிடித்துக் கடையை மாற்றிவிடுவார்கள். நாக்கை ஏமாற்ற முடியுமா?

"அப்ப இப்ப நமக்கு லேசுதானே அத்தை? தோட்டக்காரர்கிட்டயே நேரா வாங்கலாமே" என்றாள் மருமகள். லேசுதான். ஆனால், போர்டு இருந்தவரை விலையில் ஒரு தடுப்பு இருந்தது. இப்போது பிரேசிலில் மழை பொய்த்தால் பட்டிவீரன்பட்டியில் விலை ஏறுகிறது. பிரேசிலும் வியட்நாமும் வறட்சியில் மாட்டிக்கொண்டதால் 2024-ல் கொட்டை விலை எகிறியது நினைவிருக்கும். அரைக் கிலோ வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கால் கிலோவுக்கு இறங்கினார்கள்.

டப்பியில் அடைத்த ஜப்பான்காரர்

இதற்கிடையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஜப்பானில் வேலையாக இருப்பவன், லீவுக்கு வந்தபோது ஒரு டப்பியைக் கொடுத்தான். "பெரியம்மா, இதுவும் காப்பிதான், குடிச்சுப் பாருங்க" என்றான். சோடா டப்பி மாதிரி இருக்கிறது. பழுப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறப் பட்டை. குடித்தால் ஒரே தித்திப்பு. திரட்டுப்பாலைக் கரைத்துக் காப்பி வாசனை காட்டியது போல இருந்தது. மருமகள் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது பாயசம்!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆனால் அந்த டப்பிக்குப் பின்னால் இருக்கும் குடும்பத்தின் கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

உவேஷிமா தடாவோ என்பவர் 1910-ல் நாரா என்ற பகுதியில் பிறந்தவர். 1933-ல் கோபே துறைமுக நகரில் ஒரு சின்னக் கடை வைத்தார். ஜாம், வெண்ணெய் என்று வெளிநாட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கிற கடை. கப்பல் வந்து போகும் ஊர் அல்லவா? அங்கே காப்பிக் கிளப்புகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் காப்பி குடித்துப் பார்த்து மனதைப் பறிகொடுத்து, கொட்டையை வறுத்து விற்கத் தொடங்கினார். உவேஷிமா காப்பி கம்பெனி என்பதன் சுருக்கம்தான் இன்றைய யு.சி.சி.

போர் வந்தது. நம் ஊரில் கொட்டை குவிந்து கிடந்து வாங்க ஆளில்லாமல் போன அதே காலத்தில், ஜப்பானில் குடிக்க ஆளிருந்து கொட்டை இல்லாமல் போயிற்று! எதிரி நாட்டுப் பானம் என்ற கோபம் ஒருபக்கம், கப்பல் போக்குவரத்து நின்றது இன்னொரு பக்கம். காப்பி இறக்குமதி அடியோடு நின்று, 1950-ல்தான் மறுபடி தொடங்கியது. 1945-ல் விழுந்த குண்டுகளில் கோபே நகரமே எரிந்துபோயிருந்தது. அதற்கப்புறம் எழுந்து நின்றார்கள்.

இனிமேல்தான் டப்பி. 1960களில் ஒருநாள் உவேஷிமா ரயில் நிலையத்தில் பால் காப்பி ஒரு பாட்டில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். பாதி குடிப்பதற்குள் ரயில் புறப்படும் மணி அடித்துவிட்டது. பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மீதியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். நம்மூரில் சோடா பாட்டிலுக்கு நிற்போமே, அதே கதைதான். மீதிக் காப்பி வீணானது அவருக்கு மனசு ஆறவில்லை. கையோடு எடுத்துப் போகிற மாதிரி இதையே டப்பியில் அடைத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது.

நினைத்த உடனே நடந்துவிடவில்லை. பால் ஒருபக்கம், காப்பி ஒருபக்கம் என்று பிரிந்து நின்றது. காப்பியில் இருக்கும் துவர்ப்புச் சத்து டப்பியின் இரும்போடு சேர்ந்து கறுத்துப்போயிற்று. இரும்பு வாணலியில் புளிக்குழம்பை வைத்திருந்து எடுத்தால் நிறம் மாறுகிறதே, அதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். எல்லாவற்றையும் சரிசெய்து 1969-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு முன்பே டப்பியில் காப்பி அடைத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஊரெல்லாம் பழக்கிவிட்டது இவர்கள்தான்.

முதலில் போணியே இல்லை. காப்பிக் கிளப்பில் உட்கார்ந்து குடிப்பதை விட்டு எவன் தகர டப்பியில் குடிப்பான் என்று கடைக்காரர்கள் கேலி பேசினார்கள். மறு வருஷம், 1970-ல், பக்கத்து ஊரான ஒசாகாவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. ஆறு மாதத்தில் 6 கோடிக்கும் மேல் ஜனங்கள் வந்து போனார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டால் எப்படியோ, அப்படி அங்கே டப்பியைக் கொண்டுபோய் வைத்தார்கள். குடித்தவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பிப் போய் அதே டப்பியைக் கேட்க, வியாபாரம் பிய்த்துக்கொண்டது. சூடாகவும் ஜில்லென்றும் டப்பி தருகிற காசு போடும் மிஷின்கள் 1970களில் தெருவெல்லாம் வந்தபோது இன்னும் ஏறியது.

டப்பியின் மூன்று நிறத்துக்கு அவர்கள் சொல்லும் காரணம் அழகு. பழுப்பு வறுத்த கொட்டை, வெள்ளை காப்பிப் பூ, சிவப்பு பழுத்த பழம். காப்பிச் செடி ஜப்பானின் பெரும்பகுதியில் விளையாது. அதனால் 1981-ல் ஜமைக்கா தீவின் நீலமலையிலும், 1989-ல் ஹவாயிலும் சொந்தத் தோட்டம் வைத்தார்கள். 1987-ல் கோபேயில் காப்பிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் கட்டினார்கள். முதலாளி 1993-ல் காலமானார். அடுத்தடுத்த தலைமுறை இன்றும் நடத்துகிறது.

சேலமும் கோபேயும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன என்று எனக்குப் படுகிறது. ஜப்பானில் காப்பி வெளியே போகிற ஆண்களின் பையில் ஏறியது. அலுவலகத்துக்கும் ரயிலுக்கும் போனது. நம் காப்பி அடுப்படியை விட்டு நகர மறுத்துவிட்டது. வெந்நீரில் கலக்கினால் போதும் என்று இன்ஸ்டன்ட் காப்பி பெரிய பெரிய கம்பெனிகளிடமிருந்து வந்தும், விடியற்காலையில் பில்டரைத் தட்டி உட்காரவைக்கிற சத்தம் நம் வீடுகளில் நிற்கவில்லை. உள்ளூர்த் தூள் குடும்பங்கள் பிழைத்துக் கிடப்பது அந்தச் சத்தத்தால்தான். மதுரைக்காரர்களிடம் நல்ல காப்பி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். விசாலம் காபி என்பார்கள், வேறு பெயரும் சொல்வார்கள், ஒவ்வொருவரும் தன் கடைக்காகச் சண்டைக்கு வருவார்கள்!

கடன் என்ற கசப்பு

பெருமை பேசினால் மட்டும் போதுமா? நகையை அடகு வைக்கப் போகிற பெண்ணுக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டாமா?

கர்நாடகத்துச் சிக்மகளூரில் தலைமுறை தலைமுறையாகக் காப்பித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் வி.ஜி. சித்தார்த்தா. 1996-ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் முதல் 'கஃபே காபி டே' கடையைத் திறந்தார். கல்லூரிப் பிள்ளைகளெல்லாம் அங்கேதான். கிளைகள் நாடெங்கும் பரவின. கூடவே கடனும் பரவியது. 2019 ஜூலையில் அவர் இறந்தபோது நிறுவனத்தின் தலையில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன்.

அவர் மனைவி மாளவிகா ஹெக்டே, கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணாவின் மகள். துக்கம் ஆறுமுன் 2020 டிசம்பரில் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பெங்களூரில் இருந்த தொழில்நுட்பப் பூங்காவை விற்றிருந்தார்கள். நஷ்டத்தில் ஓடிய கடைகளை மூடினார்கள். 2021 மார்ச் வாக்கில் கடன் 2,000 கோடிக்குக் கீழே வந்துவிட்டது. அத்தோடு தொல்லை தீரவுமில்லை. 2024-லும் கடன்காரர்களின் வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. இருந்தாலும், கணவன் விட்டுப்போன அந்தச் சுமையை ஒரு பெண் இவ்வளவு தூரம் இறக்கி வைத்தாரே என்று எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இதைச் சொன்னபோது மருமகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க காப்பி வித்ததுல நஷ்டப்படல அத்தை, கடையை வேகமா பெருக்கினதுலதான்" என்றாள். பெண் கெட்டிக்காரிதான்.

கொட்டையிலிருந்து தூள் வரை

அவள் பிறந்த வீட்டுக்கு ஒருமுறை என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். பக்கத்து மலையில் தாண்டிக்குடி. அங்கே காப்பி போர்டின் ஆராய்ச்சி நிலையம்கூட இருக்கிறது. கீழே குடோனில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கறுத்ததும் உடைந்ததுமான கொட்டையைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். பல இடங்களில் இதற்கு மிஷின் வந்துவிட்டது. ஒரு கறுத்த கொட்டை போதுமாம், கைப்பிடித் தூளின் வாசனையைக் கெடுக்க. அரிசியில் கல் பொறுக்கிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கே தெரிந்துகொண்ட சில விஷயங்கள் உங்களுக்கும் உதவும். காப்பிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு பருப்பு, தட்டையாக ஒட்டிக்கொண்டு இருக்கும். சில பழத்தில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளையும். அதுதான் கடையில் பீபெரி என்று தனியாக விலை சொல்கிறார்களே, அது. அராபிகா மணத்துக்கு; ரொபஸ்டா கெட்டிக்கும் கசப்புக்கும். காபின் என்ற சத்து ரொபஸ்டாவில் ஏறக்குறைய இரண்டு பங்கு. வறுக்கும்போது ஈரம் போய் எடை குறையும். ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுத்த பிறகு எண்ணூறு, எண்ணூற்றைம்பது கிராம்தான் நிற்கும். இதைக் கணக்கில் சேர்க்காமல் விலை போட்டால் முதல் மாதமே கையைக் கடிக்கும்.

சிக்கரி என்பது கலப்படம் இல்லை. அது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துச் சேர்த்தால் டிகாக்ஷன் கெட்டியாகும், நிறம் ஏறும். பெரும்பாலும் குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது. ஆனால் சட்டப்படி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எத்தனை சதவீதம் காப்பி, எத்தனை சதவீதம் சிக்கரி என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும். சிக்கரிக்குக் காசு கொடுக்கிறோமா, காப்பிக்குக் கொடுக்கிறோமா என்று அப்போது தெரியும். உதிரியாக வாங்கும் தூளில் சந்தேகம் வந்தால், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேலாக ஒரு சிட்டிகை தூவுங்கள். காப்பித்தூள் மிதக்கும். சிக்கரி சீக்கிரம் கீழே இறங்கி, பழுப்பாகக் கோடு இழுக்கும்.

தண்ணீரும் ஒரு விஷயம். எங்கள் மலைமேல் நூபுர கங்கைத் தண்ணீரில் செய்கிற அழகர்கோவில் தோசையை வீட்டில் அதே உளுந்து, சுக்கு, மிளகு போட்டுச் செய்தாலும் அந்த ருசி வருவதில்லை என்பார்கள். காப்பியும் அப்படித்தான். உப்பேறிய போர் தண்ணீரில் எந்தக் கம்பெனித் தூளைப் போட்டாலும் மந்தமாகத்தான் இறங்கும். முதலில் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். பிறகு தூளைத் திட்டலாம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பிட்ட கையோடு காப்பி குடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைக் காப்பி தடுக்கிறது. அதனால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பி, டீ வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-ல் வெளியிட்ட உணவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறது. 150 மில்லி பில்டர் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் காபின் இருக்குமாம். நாளுக்கு 300-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் ரத்தசோகை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டு அதையும் குறைத்துக்கொள்வது நல்லது. காப்பித்தூள் கடை வைக்கப்போகிற குடும்பமே இதைச் சொல்கிறதே என்று சிரிக்காதீர்கள். மருமகளே இதை எழுதிக் கடையில் ஒட்டுவேன் என்கிறாள்!

ஆக, கடை என்ன ஆயிற்று?

இரண்டு மாதம் பேசினோம். சேலத்திலும் கோபேயிலும் ஆரம்பம் சின்னக் கடைதான் என்பது அவளுக்குத் தைரியம் கொடுத்தது. சிக்மகளூர் எனக்குப் பிடிவாதம் கொடுத்தது. கடைசியில் ஆரத்தைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. நாலு வளையலில் இரண்டு மட்டும் போயிருக்கிறது. வறுக்கும் மிஷின் இப்போது வேண்டாம். தெரிந்த இடத்தில் வறுத்த கொட்டையாக வாங்கி, அரைக்கும் மிஷின் ஒன்றை மட்டும் போட்டு, கேட்பவர்கள் கண்முன்னே அரைத்துக் கொடுப்பது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுக்கு மனு கொடுத்தாயிற்று. வறுவலைப் பற்றி ஒரு வருஷம் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். ஆடித் தேரோட்டத்துக்கு முன்னால் திறந்துவிட வேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தகராறு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. சிக்கரி இருபதா, முப்பதா? அவள் இருபது என்கிறாள். என் கணவருக்குக் கெட்டியாக வேண்டும், முப்பது என்கிறார். நான் தினம் காலையில் இரண்டு பில்டர் வைக்கிறேன். எதிலே எது என்று சொல்லாமல் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்து, காலண்டர் அட்டையில் கோடு போட்டுக்கொண்டு வருகிறேன். இன்று காலை வரை இருபதுக்குப் பதினொன்று, முப்பதுக்கு ஒன்பது. இன்னும் மேலத்தெரு பாக்கி இருக்கிறது.